வில்லோபியின் பெட்டிகள்: நார்ஃபோக்கிலிருந்து காலேஜ் பார்க் வரை

திங்கள்கிழமை, நார்ஃபோக்

உலகின் மிகப் பெரிய கடற்படைத் தளம் அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்து நார்ஃபோக்கில் இருக்கிறது. ஆனால் ஊரின் நடுவே, தூண்கள் தாங்கும் பழைய நகர மன்றத்தில் அடக்கமாகியிருப்பவர் தரைப்படைத் தளபதி. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் களத்திலும் பிறகு கொரியாவிலும் படைகளை நடத்திய ஜெனரல் டக்ளஸ் மெக்கார்தர் அவர். அவருடைய தாயார் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவர். அந்த உறவைச் சொல்லித்தான் 1850-இல் கட்டி முடித்த தன் கட்டடத்தை நகரம் அவர் நினைவுக்குக் கொடுத்தது. குவிமாடத்துக்கு நேர் கீழே, தரைமட்டத்துக்குத் தாழ்ந்த வட்டத்தில் அவரும் மனைவி ஜீனும் அடுத்தடுத்து இருக்கிறார்கள். சுற்றியுள்ள காட்சிக்கூடங்களில் சோளத்தக்கைப் புகைக்குழாய், தங்கச் சரிகைத் தொப்பி, அவர் பயணம் செய்த நீண்ட கிறைஸ்லர் கார் என்று ஒரு வாழ்க்கையே பரப்பி வைக்கப்பட்டிருக்கிறது. நுழைவுக் கட்டணம் இல்லை.

நான் வந்தது ஜெனரலுக்காக அல்ல, அவருக்குப் பின்னால் நின்ற ஒருவருக்காக. மேஜர் ஜெனரல் சார்லஸ் வில்லோபி 1941 முதல் 1951 வரை மெக்கார்தரின் உளவுப் பிரிவுத் தலைவர். இராணுவ வழக்கில் அந்தப் பதவிக்கு ஜி-2 என்று பெயர். ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில் 1892-இல் பிறந்தார். 1910-இல் அமெரிக்கா வந்து சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தார். 1942 மார்ச்சில், ஜப்பானியர் முற்றுகையிட்டிருந்த பிலிப்பைன்ஸின் கொரெகிடோர் தீவிலிருந்து மெக்கார்தர் இரவோடு இரவாக டார்ப்பிடோ படகுகளில் தப்பியபோது கூடவே வந்தவர்களில் இவரும் ஒருவர். ஆஸ்திரேலியா, நியூகினி, பிலிப்பைன்ஸ், டோக்கியோ, கொரியப் போர் என எல்லா இடத்திலும் எதிரியைப் பற்றி மெக்கார்தருக்குத் தெரியவந்த ஏறக்குறைய எல்லாமே இவர் மேசை வழியாகத்தான் போயிற்று.

போரைப் பற்றி எழுதுகிறவர்கள் தளபதி என்ன செய்தார் என்று கேட்கிறார்கள். எனக்கு அதற்கு முந்தைய கேள்விதான் முக்கியம்: அந்த நேரத்தில் அவருக்கு என்ன தெரிந்திருந்தது, யார் சொல்லித் தெரிந்தது? இதற்கான விடை உளவு அதிகாரியின் தாள்களில் இருக்க வேண்டும். வில்லோபியின் தாள்கள் இங்கே தனித் தொகுதியாக, பதிவுத் தொகுதி 23 என்ற எண்ணில் இருக்கின்றன. நாளை காலை ஆராய்ச்சி அறையில் எனக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமை, நார்ஃபோக்

பேனாவுக்கு அனுமதி இல்லை, பென்சில் மட்டும். காப்பாளர் பொறுமைசாலி. வில்லோபியின் தொகுதியை மட்டும் கேட்டால் போதாது, போர்க்காலத் தலைமையகத்தின் தொகுதிகளையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். காரணம் சிறிது நேரத்தில் புரிந்தது. அவர் பெயரில் உள்ள தாள்கள் பெரும்பாலும் போருக்குப் பிந்தையவை. போர்க்காலத்தில் அவர் எழுதியவை அரசாங்கச் சொத்தாகத் தலைமையகக் கோப்புகளில் கிடக்கின்றன. ஒரே மனிதரின் இரண்டு காலங்கள் இரண்டு வேறு பெட்டிகளில்.

இன்று முழுவதும் முதல் காலத்தில் இருந்தேன். தினசரி உளவுச் சுருக்கம் என்பது வறண்ட படிப்பு. எதிரி எங்கே, எத்தனை பேர், அடுத்து என்ன செய்ய முடியும் என்று தலைப்புகள் நாள்தோறும் அதே வரிசையில் வரும். ஆனால் பத்து நாள் சுருக்கங்களைத் தொடர்ந்து படித்தால் ஓர் எண் மெல்ல உயர்வதும், ஒரு ஜப்பானிய டிவிஷன் ஒரு தீவில் மறைந்து இன்னொரு தீவில் தலைகாட்டுவதும் தெரியத் தொடங்குகிறது. கைதிகளின் வாக்குமூலம், கைப்பற்றிய நாட்குறிப்பு, பிலிப்பைன்ஸ் கெரில்லாக்களின் வானொலிச் செய்தி, விமானப் படம் ஆகியவை ஆதாரங்களாகப் பேசப்படுகின்றன. எல்லாவற்றிலும் பெரிய ஆதாரத்தைச் சுருக்கம் பெயர் சொல்லிக் குறிப்பிடாது. அது வானொலி இடைமறிப்பு; ஜப்பானியச் சங்கேதங்களை உடைத்துப் படித்த ‘அல்ட்ரா’ செய்திகள்.

1944 ஜனவரியில் நியூகினியின் சியோ என்ற இடத்தில் நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். பின்வாங்கிய ஜப்பானிய 20-ஆம் டிவிஷன் தன் சங்கேதப் புத்தகங்களை எரிக்க நேரமில்லாமல் ஒரு பெட்டியில் போட்டுத் தண்ணீர் தேங்கிய குழியில் புதைத்துவிட்டுப் போனது. ஆஸ்திரேலியப் பொறியியல் படையினர் அதைக் கண்டெடுத்தார்கள். பிரிஸ்பேனில் இருந்த மத்தியப் பணியகத்தில் ஈரப் பக்கங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து உலர்த்தினார்கள். அதன் பிறகு ஜப்பானியத் தரைப்படையின் செய்திகள் திறந்த கடிதங்களாயின. எதிரி பலமாக இருந்த இடங்களைத் தாண்டிக் குதித்து ஏப்ரல் 22-இல் நியூகினியின் வடகரையில் உள்ள ஹொலாண்டியாவில் இறங்கும் துணிச்சல் மெக்கார்தருக்கு அந்தக் குழியிலிருந்துதான் வந்தது.

வில்லோபி நன்றாகக் கணித்த இடங்கள் உண்டு, அவற்றை மறைப்பது நியாயமில்லை. 1944 பிப்ரவரியில் அட்மிரால்டி தீவுகளுக்கு மேலே தாழப் பறந்த விமானிகள், கீழே ஆள் நடமாட்டமே இல்லை என்றார்கள். சுமார் 4,000 பேர் இருக்கிறார்கள் என்றது ஜி-2. தரையில் இறங்கிச் சண்டையிட்டபோது ஜி-2 சொன்னதே உண்மைக்கு அருகில் இருந்தது. (ஜப்பானியர் சிங்கப்பூரில் பிடித்துக் கப்பலேற்றிக் கொண்டுவந்த இந்தியச் சிப்பாய்கள் சிலர் இந்தத் தீவுகளில்தான் மீட்கப்பட்டார்கள். நியூகினிக்குக் கொண்டுபோன இந்தியக் கைதிகள் ஏறக்குறைய 3,000 பேர், பெரும்பாலானோர் திரும்பவில்லை. அவர்களைப் பற்றி நம்மவர்கள் எழுதியது மிகக் குறைவு.)

பிலிப்பைன்ஸின் லூசோன் விஷயத்தில் நிலைமை மாறியது. 1945 ஜனவரியில் அந்தத் தீவில் இறங்கும் முன் வில்லோபியின் கணக்கு 1,72,000 ஜப்பானியர். அவருக்குக் கீழ் மட்டத்தில் இருந்த ஆறாவது படையின் உளவுப் பிரிவு 2,34,000 என்றது. அந்தப் பெரிய எண்ணை மெக்கார்தர் அபத்தம் என்று ஒதுக்கிவிட்டார். உண்மையில் இருந்தவர்கள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். அதே ஆண்டு ஜூலை இறுதியில், அடுத்து இறங்கத் திட்டமிட்டிருந்த ஜப்பானின் கியூஷு தீவில் ஜப்பானியர் வேகமாகப் படை குவிப்பதை இடைமறிப்புச் செய்திகளில் பார்த்து, இப்படியே போனால் ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் மோத வேண்டியிருக்கும், அது வெற்றிக்கு வழியல்ல என்று எச்சரித்தார். அந்த எச்சரிக்கையில் கண்ணாடிபோன்ற தெளிவு இருக்கிறது. ஒரே பேனாவிலிருந்து இரண்டு விதமான எழுத்தும் வந்திருக்கிறது.

இன்று என்னை அதிகம் தொட்டது வில்லோபி அல்ல. அவர் பிரிவின் கீழ் 1942 செப்டம்பரில் பிரிஸ்பேனின் இண்டுரூபில்லியில் தொடங்கிய மொழிபெயர்ப்புப் பிரிவில் வேலை செய்த ஜப்பானிய வம்சாவளி அமெரிக்க இளைஞர்கள். 1944 வசந்தத்தில் செபு கடலோரம் விழுந்த ஜப்பானிய விமானத்திலிருந்து ஜப்பானியக் கடற்படையின் ‘இசட்’ என்ற போர்த் திட்டம் பிலிப்பைன்ஸ் கெரில்லாக்கள் கைக்கு வந்தது. நீர்மூழ்கிக் கப்பலில் ஆஸ்திரேலியா போன அந்தத் தாள்களை மொழிபெயர்த்தவர்களில் யோஷிகாசு யமாடாவும் ஒருவர். ஜூன் மாதப் பிலிப்பைன்ஸ் கடல் சண்டைக்கு முன்பே அந்த மொழிபெயர்ப்பு அமெரிக்கக் கடற்படையின் கையில் இருந்தது. அந்த நாட்களில் அமெரிக்காவில் அவர்கள் இனத்தவர் சுமார் 1,20,000 பேர் முள்வேலி முகாம்களுக்கு அனுப்பப்பட்டிருந்தார்கள். ‘மொழிபெயர்ப்பு’ என்று ஒற்றைச் சொல் அச்சிட்ட ஒவ்வொரு தாளின் பின்னாலும் இப்படி ஒருவர் இருக்கிறார். பெரும்பாலான தாள்களில் அவர் பெயர் இல்லை.

புதன்கிழமை, நார்ஃபோக்

இன்று பதிவுத் தொகுதி 23.

நேற்றைய தாள்களில் எதிரியைத் தேடிக்கொண்டிருந்த மனிதர், இன்றைய தாள்களில் தனக்காக வழக்காடிக்கொண்டிருக்கிறார். 1951-இல் ஓய்வு பெற்ற பிறகு 1972 அக்டோபரில் ஃபுளோரிடாவில் இறக்கும்வரை அவர் எழுதி ஓயவில்லை. பத்திரிகை ஆசிரியர்களுக்கு மறுப்பு, அரசியல்வாதிகளுக்கு ஆலோசனை, மெக்கார்தரைக் காத்து நிற்கும் கட்டுரைகள், தானே நடத்திய உளவுச் செய்தி மடல். எழுபதுகளை நெருங்கிய வயதில், தீவிர வலதுசாரிப் பிரசங்கி பில்லி ஜேம்ஸ் ஹார்கிஸின் இயக்கத்தோடு சேர்ந்து, எங்கும் கம்யூனிசச் சதி இருப்பதாக எழுதினார். ஸ்பெயினின் சர்வாதிகாரி பிராங்கோவை மனதார மெச்சினார்.

வழக்கின் மையம் கொரியா. 1950 அக்டோபர் 15-ஆம் தேதி வேக் தீவில் மெக்கார்தர் அதிபர் ட்ரூமனைச் சந்தித்தபோது, சீனா தலையிடும் வாய்ப்பு மிகக் குறைவு, சீன-கொரிய எல்லையான யாலு ஆற்றைத் தாண்ட முடிந்தவர்கள் அதிகம் போனால் 50,000 முதல் 60,000 பேர் என்றார். நான்கே நாளில், அக்டோபர் 19 இரவு, சீனப் படைகள் ஆற்றைக் கடக்கத் தொடங்கின. பகலில் காட்டுக்குள்ளும் வீடுகளுக்குள்ளும் ஒளிந்து இரவில் நடந்தன. அக்டோபர் 25-ஆம் தேதி உன்சான் அருகே தென்கொரிய முதல் டிவிஷனிடம் ஒரு சீனச் சிப்பாய் பிடிபட்டான். டிவிஷன் தளபதி பாய்க் சுன்-யுப்புக்குச் சீன மொழி தெரியும்; தானே அவனிடம் பேசிப் பார்த்தார், சந்தேகம் தீர்ந்தது. செய்தி டோக்கியோவுக்குப் போயிற்று. தலையிட உகந்த காலம் எப்போதோ கடந்துவிட்டது, வட கொரியப் படை சிதறிக் கிடக்கும் இந்த நேரத்தில் சீனா வருமா என்று அக்டோபர் 28-ஆம் தேதிச் சுருக்கம் வாதிட்டது.

இந்த வாதத்தை நான் பலமுறை படித்துப் பார்த்தேன். தர்க்கம் அழகாக இருக்கிறது. எதிரி தன்னைப் போலவே யோசிப்பான் என்ற ஒரே அடித்தளத்தில் அது நிற்கிறது. களத்தில் பிடிபட்ட மனிதன் ஒரு பக்கம், தலைமையகத்தின் தர்க்கம் ஒரு பக்கம். தலைமையகம் தர்க்கத்தை எடுத்துக்கொண்டது. சீனர்களும் கெட்டிக்காரத்தனமாக, முழுப் படையணிகளுக்குச் சிறு பிரிவு போலத் தோன்றும் மாற்றுப் பெயர்களைக் கொடுத்திருந்தார்கள். நவம்பர் 24-இல், மெக்கார்தர் இறுதித் தாக்குதல் என்று அறிவித்த நாளில், கொரியாவுக்குள் இருக்கும் சீனர்கள் அதிகபட்சம் சுமார் 70,000 பேர் என்றது ஜி-2. இருந்தவர்கள் ஏறக்குறைய 3,00,000. அடுத்த சில நாட்களில் அமெரிக்க எட்டாவது படை தெற்கே ஓடியது. கிழக்கே சோசின் ஏரிக்கரையின் உறைபனியில் அமெரிக்க மரைன் படை வீரர்கள் சூழப்பட்டார்கள்.

ஓய்வுக்குப் பிறகு அவர் சொன்ன பதில் இது: மஞ்சூரியாவில் சீனப் படை குவிவதை நான் வாரந்தோறும் எண்ணிச் சொன்னேன், அவர்கள் வருவார்களா என்பது அரசியல் முடிவு, அதைக் கண்டுபிடிப்பது வாஷிங்டனின் வேலை. முதல் பாதி உண்மை. ஆற்றுக்கு அப்பால் இருந்தவர்களை அவர் ஏறக்குறையச் சரியாகவே எண்ணியிருந்தார். ஆற்றுக்கு இப்பால் வந்துவிட்டவர்களைத்தான் சரியாக எண்ணவில்லை. பதிலில் அந்த இரண்டாவது எண்ணைப் பற்றிய பேச்சே கிடையாது. எழுதியவர் ஓர் உளவு அதிகாரி. எதைச் சொன்னால் எது மறையும் என்பது அவருக்குத் தொழில்முறையிலேயே தெரியும்.

இந்தத் தாள்களில் இன்னொரு இடைவெளியும் இருக்கிறது, அதை நினைத்தால் அவர் மேல் இரக்கம் வருகிறது. ஜப்பானியத் தரைப்படையின் சங்கேதங்களை உடைத்த கதை அந்த ஆண்டுகளில் இரகசியமாகவே இருந்தது. அது வெளிவரும் முன்னரே வில்லோபி இறந்துவிட்டார். சியோ குழியைப் பற்றியோ, கியூஷு எச்சரிக்கையின் மூல ஆதாரத்தைப் பற்றியோ அவரால் வெளிப்படையாக ஒரு வார்த்தை எழுத முடியவில்லை. தன் வாழ்நாளின் சிறந்த வேலையைச் சொல்ல அனுமதி இல்லாதவர், மோசமான வேலையை நியாயப்படுத்தியே இருபது ஆண்டுகளைச் செலவழித்தார்.

வியாழக்கிழமை, வாஷிங்டன் ரயிலில்

பேஸ்பால் மைதானத்தை ஒட்டியிருக்கும் சிறிய நிலையத்திலிருந்து ரயில் புறப்பட்டது. பீட்டர்ஸ்பர்க், ரிச்மண்ட், ஃபிரெடரிக்ஸ்பர்க் என்று உள்நாட்டுப் போரின் பெயர்களே நிலையங்களாக வருகின்றன. சன்னலுக்கு வெளியே பைன் மரங்களும் சதுப்பு நிலமும்.

ஓர் ஒற்றன் கொண்டுவந்த செய்தியை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்த்துக்கொள் என்று நம் ஊரில் திருக்குறளிலேயே அரசனுக்குச் சொல்லிவிட்டார்கள். ஓர் உளவு அதிகாரியின் காப்பகத்தைப் படிப்பவருக்கும் அதே விதிதான். நார்ஃபோக்கில் இருப்பது வில்லோபி வைத்துப்போனது. அவர் கையை விட்டுப் போனவை காலேஜ் பார்க்கில் இருக்கின்றன.

வெள்ளிக்கிழமை, காலேஜ் பார்க், மேரிலாந்து

அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இரண்டாவது கட்டடம் மரங்களுக்கு நடுவே பெரிய கண்ணாடி மாளிகையாக நிற்கிறது. ஆய்வாளர் அட்டை வாங்க வேண்டும். பை, கோட்டு, பேனா, குறிப்பேடு எல்லாம் பூட்டறைக்குப் போக வேண்டும். உள்ளே கொண்டுபோகும் ஒவ்வொரு தாளிலும் முத்திரை குத்துவார்கள். பெட்டிகள் தள்ளுவண்டியில் வரும். மேசையில் ஒரு நேரத்தில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரே ஒரு கோப்பு. இந்தக் கெடுபிடி எனக்குப் பிடித்திருக்கிறது. எவ்வளவு பேர் படித்தாலும் அடுத்து வருபவருக்குத் தாள் அதே இடத்தில் இருக்கும்.

கோப்புகளுக்கு நடுவே சில இடங்களில் ஆவணத்துக்குப் பதிலாக ஒரு தனித் தாள் வருகிறது. இங்கே இருந்த ஆவணம் எடுக்கப்பட்டுள்ளது, தேதி இது, யாரிடமிருந்து யாருக்கு, ஏன் எடுக்கப்பட்டது என்று அதில் எழுதியிருக்கும். இல்லாததை இல்லை என்று பதிவு செய்யும் நேர்மை அது. நார்ஃபோக்கின் தனிப்பட்ட தாள்களில் இல்லாததற்கு அடையாளம் எதுவும் கிடையாது.

நான் தேடி வந்தது 1947-ஆம் ஆண்டு. மஞ்சூரியாவின் ஹார்பின் அருகே பிங்ஃபாங்கில் ஜப்பானியத் தரைப்படையின் 731-ஆம் பிரிவு உயிருள்ள கைதிகள்மீது பிளேக், காலரா, ஆந்த்ராக்ஸ் கிருமிகளைச் சோதித்தது. மயக்கமருந்து இல்லாமல் உடலைத் திறந்து பார்த்தது. பெரும்பாலோர் சீனர்கள், ரஷ்யர், கொரியர், மங்கோலியரும் உண்டு. அங்கே கொல்லப்பட்டவர்கள் குறைந்தது 3,000 பேர் என்று 1949 டிசம்பரில் சோவியத் ஒன்றியம் கபரோவ்ஸ்கில் நடத்திய விசாரணையில் சாட்சியம் பதிவானது. டோக்கியோ போர்க்குற்ற நீதிமன்றத்தில் 731-ஆம் பிரிவின் மேல் குற்றச்சாட்டே கொண்டுவரப்படவில்லை.

ஏன் என்பதற்கு விடை இங்கே தட்டச்சில் இருக்கிறது. 1947 மே 6-ஆம் தேதி, மெக்கார்தரின் ஆக்கிரமிப்புத் தலைமையகம் இருந்த டோக்கியோவிலிருந்து வாஷிங்டனுக்கு ஒரு தந்தி போகிறது. தகவல்கள் உளவு வட்டத்துக்குள்ளேயே வைக்கப்படும், போர்க்குற்றச் சாட்சியமாகப் பயன்படாது என்று ஜப்பானியர்களுக்குச் சொன்னால் பிரிவின் தலைவர் ஷிரோ இஷியியிடமிருந்து மேலும் தகவல் பெறலாம் என்கிறது அது. ஜூலையில் வில்லோபியே எழுதுகிறார். மனிதர்கள்மீது நடந்த சோதனைகளின் முடிவுகள் கிடைத்துவிட்டன, அவற்றின் மதிப்பு பெரிது, அதற்கு ஆன செலவு 1,50,000 முதல் 2,00,000 யென் மட்டும், அது அற்பத் தொகை என்கிறார். பணமாகவும் உணவுப் பொருளாகவும் விருந்தாகவும் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பக்கத்தை மேசையில் வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். கோபம்தான் வந்தது. அதை எழுதிய கையில் நடுக்கம் இல்லை, சாக்குப்போக்கும் இல்லை. மலிவாக வாங்கிவிட்டோம் என்ற திருப்தி மட்டும் இருக்கிறது. 3,000 பேர் செத்த விவரம் கணக்கில் ஒரு வரி. இஷி 1959-இல் நோயில் இறந்தார், சிறையில் அல்ல. இந்தக் குறிப்பை எழுதிய அதே மனிதர்தான் நேற்று முன்தினம் நான் படித்த கட்டுரைகளில் கிறிஸ்தவ நாகரிகத்தைக் காக்க அறைகூவியவர்.

ஜப்பானியப் போர்க்குற்றங்கள் தொடர்பான அரசு ஆவணங்களைத் திறக்க 2000-ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. 2007-இல் சுமார் 1,00,000 பக்கங்கள் வெளியாயின. ஜப்பானிடமிருந்து கைப்பற்றிய மூல ஆவணங்களின் பெரும்பகுதியோ 1958-இலேயே திருப்பிக் கொடுக்கப்பட்டுவிட்டது. ஒரு சிறு பகுதியை மட்டும்தான் நுண்படம் எடுத்து வைத்திருந்தார்கள்.

சனிக்கிழமை, கெட்டிஸ்பர்க்

வாசிப்பு அறைக்கு விடுமுறை. வாஷிங்டனில் இருக்கும் நண்பர் காரில் அழைத்துப்போனார். வில்லோபி 1914-இல் பட்டம் பெற்ற கல்லூரி இந்த ஊரில் இருக்கிறது. அவருடைய தாள்களில் ஒரு பகுதி அந்த நூலகத்துக்கும் போயிருக்கிறது. இன்று பார்க்க முடியாது.

உள்நாட்டுப் போரின் போர்க்களத்தை மட்டும் சுற்றிவந்தோம். 1863 ஜூலை முதல் மூன்று நாட்கள். தென்படைத் தளபதி லீயின் குதிரைப்படை, அதாவது அவருடைய கண், ஸ்டூவர்ட்டின் தலைமையில் எங்கோ தொலைவில் சுற்றிக்கொண்டிருந்தது. எதிரே நிற்பது எவ்வளவு பெரிய படை என்று தெரியாமலேயே லீ சண்டைக்குள் இழுக்கப்பட்டார். கண் இல்லாமல் போரிட்ட தளபதியைப் பற்றி இந்த மண்ணில் படித்த மாணவர், தளபதிக்குப் பிடித்ததை மட்டும் காட்டும் கண்ணாக மாறியது எப்படி என்று நண்பரிடம் கேட்டேன். பதில் சொல்லாமல் காரை ஓட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை, வாஷிங்டன்

குறிப்புகளை ஒழுங்குபடுத்தினேன். எழுத விட்டுப்போன ஒன்று: டோக்கியோவில் வில்லோபியின் பிரிவு, 1944 நவம்பரில் தூக்கிலிடப்பட்ட சோவியத் உளவாளி ரிச்சர்ட் சோர்கேயின் வழக்கைத் தோண்டியெடுத்தது. 1949 பிப்ரவரியில் வெளியான அந்த அறிக்கை அமெரிக்கப் பத்திரிகையாளர் ஆக்னஸ் ஸ்மெட்லியை உளவாளி என்றது. அவர் வழக்குத் தொடுப்பேன் என்றதும் இராணுவம் பின்வாங்கியது. வில்லோபி மட்டும் விடவில்லை. ஸ்மெட்லி 1950-இல் இறந்த பிறகும் நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்னார், புத்தகமும் எழுதினார். ஸ்மெட்லிக்குச் சோவியத் தொடர்பு இருந்தது உண்மை என்று பிந்தைய ஆய்வுகள் காட்டின. ஆக, வில்லோபி சந்தேகித்ததெல்லாம் பொய்யுமல்ல. இவரைப் பற்றி ஒரே நிறத்தில் எழுதிவிட முடியாமல் செய்வது இத்தகைய இடங்கள்தான்.

திங்கள்கிழமை, காலேஜ் பார்க்

இன்று தேசியக் காப்பகம் அல்ல; அதற்கு அருகிலேயே உள்ள மேரிலாந்துப் பல்கலைக்கழகம். ஹார்ன்பேக் நூலகத்தில் கோர்டன் பிராங்கே தொகுப்பு இருக்கிறது.

டோக்கியோவில் வில்லோபி ஒரு வரலாற்றுப் பிரிவு வைத்திருந்தார். மெக்கார்தரின் போரை எழுதுவது அதன் வேலை. ஜப்பானியத் தரப்பை எழுதச் சம்பளம் கொடுத்து அமர்த்தியவர்களில் ஒருவர் தகுஷிரோ ஹத்தோரி. ஜப்பானியத் தலைமைப் பணியகத்தில் போர்நடவடிக்கைப் பிரிவின் தலைவராக இருந்தவர். மலாயாவையும் சிங்கப்பூரையும் பிடிக்கும் திட்டங்கள் புறப்பட்ட பிரிவு அது. அந்தப் படையெடுப்புக்குப் பின் சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டு மாண்ட தோட்டத் தமிழர்களின் சந்ததியினர் இன்றும் மலேசியாவில் இருக்கிறார்கள். அந்தத் தொழிலாளிகளின் பெயர்ப் பட்டியல் முழுமையாக எங்கும் இல்லை. ஹத்தோரிக்கோ மேசையும் சம்பளமும் காகிதமும் கொடுத்து, நீங்கள் நடத்திய போரை நீங்களே எழுதுங்கள் என்றார்கள். அதோடு நிற்கவில்லை, புதிய ஜப்பானியப் படைக்கு அவரையே தலைமை அதிகாரியாக்கவும் வில்லோபி முயன்றார். பிரதமர் யோஷிதா அதைத் தடுத்துவிட்டார்.

பிராங்கே அந்த வரலாற்றுப் பிரிவில் வேலை செய்த பேராசிரியர். அதே ஜி-2-வின் கீழ் தணிக்கைப் பிரிவும் இயங்கியது. 1945 முதல் 1949 வரை ஜப்பானில் அச்சான செய்தித்தாள், பத்திரிகை, நூல், துண்டறிக்கை எல்லாம் அங்கே வர வேண்டும். பழைய ஜப்பானியத் தணிக்கையில் நீக்கிய இடத்தில் குறியாவது இருக்கும். இந்தத் தணிக்கையில் நீக்கிய சுவடே தெரியக் கூடாது என்று உத்தரவு. தணிக்கை நடக்கிறது என்றுகூட அச்சிடக் கூடாது. 1949-இல் தணிக்கை முடிந்ததும் அந்தக் காகித மலையைத் தன் பல்கலைக்கழகத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்தவர் பிராங்கே. சுமார் 71,000 நூல்களும் துண்டு நூல்களும், 18,000 செய்தித்தாள் தலைப்புகள், 13,800 பத்திரிகைத் தலைப்புகள். தோராயமாகக்கூட அளவைக் கற்பனை செய்ய முடியவில்லை.

எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. ஆனால் அச்சுப்படியின் மேல் பென்சிலால் போட்ட கோடுகளுக்கு மொழி தேவையில்லை. ஒரு பத்தியைச் சுற்றி வட்டம், குறுக்கே கோடு, ஓரத்தில் அமெரிக்க அதிகாரி எழுதிய ஒற்றைச் சொல்: நீக்கு. உணவுப் பஞ்சம், கள்ளச் சந்தை, ஆக்கிரமிப்புப் படையினரின் நடத்தை, அணுகுண்டு. அணுகுண்டு பற்றியவை மீது தனிக் கவனம் இருந்தது.

வில்லோபி பாதுகாக்க நினைத்துச் சேர்த்தவை இவை அல்ல. அவருடைய பிரிவு வேலையை முடித்துவிட்டு ஒதுக்கிய மிச்சம். ஆக்கிரமிப்புக் கால ஜப்பான் என்ன யோசித்தது, எதைச் சொல்லவிடாமல் தடுக்கப்பட்டது என்று அறிய இதைவிட நல்ல இடம் உலகில் இல்லை. நார்ஃபோக்கின் அத்தனை மறுப்புக் கடிதங்களையும்விட இந்தப் பென்சில் கோடுகள் அவருடைய பத்தாண்டைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லின.

ஹிரோஷிமாவைச் சேர்ந்த கவிஞர் குரிஹாரா சதாகோ 1946-இல் தன் கவிதைத் தொகுப்பைத் தணிக்கைக்கு அனுப்பினார். சில கவிதைகளையும் வரிகளையும் வெட்டினார்கள். வெட்டுப்பட்ட வடிவமே அப்போது வெளிவந்தது. வெட்டுக்கு முந்தைய அச்சுப்படி பல பத்தாண்டுகளுக்குப் பிறகு இந்தத் தொகுப்பில் இருப்பது தெரியவந்தது. அதைக் கொண்டு 1983-இல் முழுத் தொகுப்பும் ஜப்பானில் அச்சாயிற்று. அப்போது குரிஹாராவுக்கு எழுபது வயது. அதற்குப் பிறகும் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்து அணு ஆயுதங்களுக்கு எதிராக எழுதினார்.